நாலு விரல் தள்ளி

அந்தச் சைக்கிள் கடையில் கழித்த பாகம் எதையும் முழுதாகக் குப்பையில் போடுவதில்லை. இரண்டாக அறுத்துத்தான் போடுவார்கள்.

வழக்கத்தைக் கொண்டுவந்தவன் பெரியவன். ஒருமுறை, முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க் ஒன்றை, விரிசல் விட்டிருந்ததால் கழற்றித் தெருமுனைத் தொட்டியில் எறிந்தான். சில மாதம் கழித்து அது புதுச் சிவப்புப் பெயின்டோடு, யாருடைய சைக்கிளிலோ மாட்டிக்கொண்டு, அவன் கடைக்கே காற்றடிக்க வந்து நின்றது. அன்று தொடங்கியது ரம்பம். அறுப்பதற்கும் ஒரு முறை வைத்தான். பழுதிலிருந்து நாலு விரல் தள்ளி அறுக்க வேண்டும். பழுது துண்டில் அப்படியே இருக்க வேண்டும். வண்டிக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், புதுசு விற்பதற்காகச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள் என்பான்.

பழுதைக் கண்டுபிடிப்பது அவன் மனைவியின் வேலை. அவளிடம் செல்லாத நாணயம் ஒன்று இருந்தது. அதன் விளிம்பால் கார்பன் குழாயை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவாள். நல்ல இடம் கணீரென்று சொல்லும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் அட்டைப் பெட்டியைத் தட்டினாற்போல மந்தமாக இருக்கும். வாடிக்கையாளர்கள் அவளை டாக்டரம்மா என்றார்கள். இரும்பு உடைவதற்கு முன்னால் வளைந்து காட்டும் என்று அவர்களுக்கு அவள் விளக்குவாள். அலுமினியம் வெள்ளைக் கோடு காட்டும். கார்பன் எதையும் காட்டாது. உடைகிற நொடிவரை பளபளவென்று இருக்கும்.

பெரியவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கிடுக்கி. அவன் இறுக்கிய போல்ட்டை அவனே வந்துதான் கழற்ற வேண்டும் என்று பக்கத்துத் தெரு மெக்கானிக்குகள் சொல்வார்கள். இரும்பு வண்டிகளில் தொழில் பழகிய கை. கார்பன் வந்த பிறகு அவள் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி மாட்டினாள். தேவையான அளவுக்கு இறுகியதும் அது க்ளிக் என்று விட்டுக்கொடுத்துவிடும். பெரியவன் முதலில் முறைத்தான். பிறகு கடைக்கு வரும் வண்டிகளுக்கு அதையே எடுத்தான்.

சின்னவன் அவன் தம்பி. பந்தயம் ஓட்டியவன். இப்போது கடையின் முன்னறையில் படுத்திருந்தான். வாடிக்கையாளர்கள் உட்காருவதற்கென்று இருந்த அறை அது. வீடு மாடியில். அவனைப் படியேற்ற முடியாது. மலைப்பாதைப் பந்தயத்தில், இறக்கத்தின் கடைசி வளைவில், ஹேண்டில் பார் உடைந்து கையோடு வந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

சாலையில் ஒரு பள்ளம் இருந்தது. எல்லோரும் பள்ளம் என்றார்கள். பெரியவன்தான் அதை முதலில் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

முன்னறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. மேலே ஒரு முழம் இடைவெளி. அவள் தட்டுவதெல்லாம் சின்னவனுக்குக் கேட்கும். படுத்த நாளிலிருந்து அது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் தடுப்புக்கு அப்பாலிருந்து தீர்ப்பு வரும். நல்லதென்றால் "தேறும்". இல்லையென்றால் "போச்சு". பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஜோசியக்காரன் கிளியை வைத்திருக்கிறான், நான் இவனை வைத்திருக்கிறேன் என்பான் பெரியவன். கிளியாவது நடந்து வந்து சீட்டு எடுக்கும் என்பான் சின்னவன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. போகப்போகச் சிரித்தார்கள்.

அன்று பல் டாக்டர் வந்திருந்தார். சைக்கிளின் எடையைக் குறைப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. சீட், பெடல், தண்ணீர் பாட்டில் வைக்கும் கூண்டு என்று ஒவ்வொன்றாக லேசாக்கிக்கொண்டே வந்தார். இரண்டு வேளை சோற்றைக் குறைத்தால் இதெல்லாம் வேண்டாமே என்று பெரியவன் அவர் முகத்துக்கு நேராகவே கேட்பான். அவரும் சிரித்துவிட்டு வாங்கிப்போவார்.

அவள் அவருடைய பாரைத் தட்டிக்கொண்டே போனாள். வலது வளைவில் ஓசை செத்தது.

"போச்சு" என்றான் சின்னவன்.

எங்கேயாவது விழுந்தீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். பிறகு வீட்டு வாசலில் ஒருமுறை சாய்ந்ததாகச் சொன்னார். பிறகு, சாயவில்லை, விழுந்தேன் என்றார். கீறல்கூட இல்லையே, அதைப் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாராம். அறுக்காமல் தர முடியுமா, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார்.

"ஞாபகத்துக்குத்தான் சார் அறுத்துத் தர்றோம்" என்றான் சின்னவன் உள்ளிருந்து.

பழுதிலிருந்து நாலு விரல் தள்ளி அவள் அறுத்தாள். கார்பன் தூள் பறக்காமலிருக்க ஈரத்துணி வைத்துத்தான் அறுப்பது. டாக்டர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குழாயின் உட்பக்கம் இரண்டு தாளாகப் பிரிந்திருந்தது. துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் சின்னவன் கூப்பிட்டான். பெரியவன் சரக்கு எடுக்கப் போயிருந்தான்.

"அண்ணி. நானும் விழுந்தேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

பந்தயத்துக்கு முந்தைய மழையில், பாலத்தருகே வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டான். பார் தரையில் பட்டது. எழுந்து, துடைத்து, ஓட்டிவந்துவிட்டான். வீட்டில் சொல்லவில்லை.

"சொன்னா அறுத்துருவீங்க. அந்த பாரை மாதிரி லேசா எதையும் நான் பிடிச்சதே இல்ல. கையில இருக்குறதே தெரியாது."

"பள்ளம்னுதானே சொன்னாங்க" என்றாள்.

"பள்ளத்துல வீல் போகும். பார் எப்படிப் போகும்? நம்ம கடையில இருந்துக்கிட்டு நீங்க இதைச் சொல்லலாமா?"

அவள் அவன் போர்வையைச் சரிசெய்தாள்.

"அதை எடுத்துப் பாருங்க. நான் விழுந்ததாலதானான்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னப்பா பண்ணப் போறே?"

"படுத்துக்கிட்டு நினைக்கிறதுக்கு ஒண்ணு வேணும்ல. சரியானதை நினைக்கணும்."

உடைந்த சைக்கிள் பட்டறையின் பின்சுவரில் ஒரு கொக்கியில் தொங்கியது. மேலே பழைய போர்வை போட்டிருந்தது. பந்தய நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்த நாளில் பெரியவன் மாட்டியது. அதற்குப் பிறகு அதன் பக்கம் யாரும் போகவில்லை. அந்த மூலையைப் பெருக்கும்போதுகூட அவள் விளக்குமாற்றை மட்டும் நீட்டுவாள்.

போர்வையை எடுத்தாள். சைக்கிளை இறக்கித் தாங்கியில் மாட்டினாள்.

பார், அதை வண்டியோடு பிடித்திருக்கும் ஸ்டெம்மின் இடது ஓரத்தில் உடைந்திருந்தது. இடது பாதி பிரேக் கம்பியில் தொங்கியது. வலது பாதி ஸ்டெம்மின் பிடியிலேயே இருந்தது. அதை எடுக்க முகப்புத் தகட்டின் நாலு போல்ட்டையும் கழற்ற வேண்டும். எல்-கீயைப் போட்டுத் திருப்பினாள். அசையவில்லை. இன்னொரு முறை உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் திருப்பினாள். கீ கையை அறுத்தது. கடைசியில் ஒரு குழாயைக் கீயின் வாலில் மாட்டி நெம்பினாள். பட்டென்று விட்டது.

மற்ற மூன்றும் அப்படியே விட்டன. பட். பட். பட்.



அவள் குழாயைக் கீழே வைத்தாள். அந்த மாதிரி இறுக்குகிற கை இந்த ஊரிலேயே ஒன்றுதான்.

அவளுக்கு நினைவிருந்தது. பார் பிடிக்குள் மெல்லச் சுழல்கிறது என்று சின்னவன் சொன்ன நாள். கார்பன் வழுவழுப்பானது. பிடிப்பதற்கு மணல் கலந்த பசை ஒன்றைப் பூச வேண்டும். பசை தீர்ந்துபோயிருந்தது. வரட்டும், பொறுங்கள் என்று அவள் சொன்னாள். பெரியவன் எல்-கீயை எடுத்தான். ரெஞ்சை எடுங்கள் என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"இது என்ன கடை வண்டியா? என் தம்பி வண்டி."

வாடிக்கையாளருக்குக் கருவி, தம்பிக்குத் தன் கை. அவள் சிரித்துக்கொண்டே வேறு வேலைக்குப் போனாள்.

அதன் பிறகு பார் சுழலவில்லை. ஆனால் எழுந்து மிதிக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்றான் சின்னவன். பெரியவன் இன்னும் கொஞ்சம் இறுக்கினான். சத்தம் நின்றது. சில நாளில் மறுபடி வந்தது. மறுபடி இறுக்கினான். பந்தயத்தன்று காலையிலும் இறுக்கினான். இறுக்கிவிட்டு பாரைப் பிடித்து உலுக்கி, "இனி நீயே கெஞ்சினாலும் கழறாது" என்றான். தம்பியின் முதுகில் தட்டி அனுப்பினான்.

தகட்டை எடுத்தாள்.

வலது பாதியின் உடைந்த முனையில், தகட்டின் ஓரம் அழுத்திய இடத்தில், பிறை மாதிரி ஒரு தடம் பதிந்திருந்தது. நகத்தை வைத்தாள். நகம் உள்ளே இறங்கியது. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இழைகள் உள்பக்கமாக நசுங்கியிருந்தன. விரிசல் பிறையின் நடுவில் பிறந்திருந்தது. பிறந்த இடத்தில் வாய் சாம்பல் நிறம். வியர்வையும் தூசியும் நாள்பட இறங்கிய நிறம். அதைத் தாண்டிக் கறுப்பு. அன்று உடைந்த கறுப்பு.

அந்தக் கிறீச் என்னவென்று அவளுக்கு இப்போது தெரிந்தது. விரிசல் வளர்ந்த சத்தம். அது கேட்டபோதெல்லாம் அவன் இறுக்கியிருக்கிறான். நசுக்கிப் பிடித்த வாயால் கொஞ்ச நாள் கத்த முடியவில்லை.

இடது பாதியை எடுத்து, பிடிப்புக்காகச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தாள். வளைவில் ஒரு சிராய்ப்பு இருந்தது. பாலத்தருகே விழுந்த அடி. மேல்பூச்சோடு நின்றிருந்தது. நாணயத்தால் தட்டினாள்.

கணீரென்றது. இன்னொரு முறை தட்டினாள். புது பாரிலும் அப்படிக் கேட்காது.

"தேறும்" என்றான் சின்னவன். குரல் விளையாட்டாக இல்லை. "அது எந்தப் பக்கம் அண்ணி?"

அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"வலது" என்றாள்.

"இடதைத் தட்டுங்க."

அவள் மேசையின் அடியிலிருந்த அட்டைப் பெட்டியைத் தட்டினாள்.

"போச்சு" என்று அவன் சொல்லவில்லை.

பிறகு, உடைந்த இடத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னான். இடது பாதியைக் கொண்டுபோகலாம். அதன் முனையிலும் சாம்பல் உண்டு. ஆனால் அது பிடிக்கு வெளியே இருந்த பாதி. பிறை அதில் இல்லை. பிறை இந்தத் துண்டில் இருந்தது. இதைப் பார்த்தால் சின்னவனுக்கு ஒரு நிமிடம் போதும். அவனும் இதே பட்டறையில் வளர்ந்தவன்.

பெரியவனை நினைத்தாள். காலையில் தம்பிக்குப் பல் தேய்த்துவிடுகிறவன். படுக்கைப்புண் வராமலிருக்கப் புரட்டிப் போடுகிறவன். புரட்டும்போதெல்லாம் "ஏத்து, ஏத்து, ஜெயிச்சுட்டே" என்று பந்தய வர்ணனை சொல்கிறவன். அந்தக் கைதான்.

வலது துண்டைக் கிடுக்கியில் வைத்தாள். ஈரத்துணியைப் போட்டாள். ரம்பத்தைப் பிறையின் மேலேயே, நடுவில் வைத்தாள். அறுத்தாள். கறுப்புச் சேறு துணியில் வழிந்தது. அறுத்த இரண்டு துண்டையும் கழிவு டிரம்மில் போட்டாள். யோசித்துப் போடவில்லை. அறுத்ததும் கை அங்கேதான் போகும்.

இடது பாதியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். உடைந்த முனையை அவன் கண்ணுக்கு அருகே பிடித்தாள். திருப்புங்கள் என்றான். திருப்பினாள். இன்னும் கொஞ்சம் என்றான்.

"சாம்பல்" என்றான். "பழசு."

"ஆமா."

"இன்னொரு பாதி?"

"வரல. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது."

"ரம்பம் கேட்டுச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். விழுந்ததுதான் என்றான். அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கு அரிக்கிறது, சொறிந்துவிடுங்கள் என்றான். சொறிந்தாள். அவன் மூக்கில் கரி ஒட்டியது. முந்தானையால் துடைத்தாள்.

அதன் பிறகு தடுப்புக்கு அப்பாலிருந்து தீர்ப்பு வரவில்லை.

அவள் தட்டிவிட்டு ஒரு கணம் நிற்பாள். ஒன்றும் வராது. வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்து, கிளி என்ன தூங்குகிறதா என்றார்கள். சாப்பாட்டை இரண்டு வாயோடு போதும் என்றான். பெரியவன் கெஞ்சினான், மிரட்டினான், ஸ்பூனை விமானமாக்கி ஓட்டிக்கூடக் காட்டினான். சின்னவன் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உன்னையும் அண்ணியையும் இப்படிக் கட்டிப்போட்டுவிட்டேனே என்றான். பெரியவன் ஸ்பூனை வைத்தான். பள்ளம்டா என்றான். 

மாடியில் பெரியவன் மனைவியைக் கேட்டான். என்ன ஆயிற்று அவனுக்கு? தெரியவில்லை என்றாள். டாக்டரைக் கூப்பிடலாமா என்றான். கூப்பிடலாம் என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

பழைய இரும்புக்காரர் கார்பனை வாங்கமாட்டார். மற்றதோடு சேர்த்து அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டிவிடுவார், அவ்வளவுதான். அவர் வருகிற அன்று பெரியவன் டிரம்மைச் சாய்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பான். அறுக்காதது எதுவும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தச் சிவப்பு ஃபோர்க்கை அவன் மறக்கவில்லை.

அன்று அவள் ஒரு வீலுக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தாள். டிரம் சாயும் சத்தம் கேட்டது. அவள் கை நின்றது. துண்டுகள் உருளும் சத்தம். பிறகு எதுவுமில்லை.

அவன் இரண்டு துண்டோடு மேசைக்கு வந்தான்.

"இது அவன் பார்."

அவள் தலையசைத்தாள்.

"எதுக்கு அறுத்தே?"

"பிடியிலேர்ந்து வரல."

அவன் பின்சுவருக்குப் போனான். போர்வையை விலக்கினான். ஸ்டெம்மில் கீறல்கூட இல்லை. நாலு போல்ட்டும் ஒரு டப்பா மூடியில் ஒழுங்காகக் கிடந்தன. பக்கத்தில் எல்-கீ. அதன் வாலில் இன்னும் அந்தக் குழாய் மாட்டியிருந்தது. அவன் குழாயைப் பார்த்தான்.

மேசைக்குத் திரும்பி வந்தான். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தான். ரம்பம் தின்றது ஒரு பிளேடு கனம். அதன் இரு பக்கமும் பிறையின் இரண்டு முனைகள் மிச்சமிருந்தன. ஸ்டெம்மின் தகட்டை எடுத்து அதன் மேல் வைத்தான். ஓரம் முனைகளில் பொருந்தியது. தகட்டை எடுத்துவிட்டுக் கட்டைவிரலை அங்கே வைத்துத் தடவினான்.

"நாலு விரல்" என்றான்.

அவள் வீலைப் பார்த்துக் குனிந்தாள்.

"கிறீச்னு சத்தம் வருதுன்னு அவன் சொன்னப்போ..." அவன் நிறுத்தினான். "ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னான்."

"விடுங்க. அவனுக்குத் தெரியாது."

"அவன் என்ன நினைச்சுக்கிட்டிருக்கான்?"

அவள் கம்பியைத் திருகினாள்.

"சொல்லு."

பாலத்தருகே விழுந்ததைச் சொன்னாள். சாம்பல் நிறத்தை அவனே பார்த்ததைச் சொன்னாள். சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். பெரியவன் தாழ்த்தவில்லை.

"அப்படியே நினைக்க விட்டுட்டியா?"

"உங்களுக்காகத்தான்."

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். அடிக்கப்போகிறவன் மாதிரியும் இல்லை, அழப்போகிறவன் மாதிரியும் இல்லை. கைவிரல்களை விரித்தான். மடக்கினான். துண்டுகளை எடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனான்.

அவள் எழவில்லை. தடுப்பின் மேல் இடைவெளியில் எல்லாம் கேட்டது. நாற்காலியை இழுக்கும் சத்தம். கண்ணைத் திற என்று அவன் சொன்னது. துண்டுகளை ஒட்டிப் பிடித்துக் காட்டியிருப்பான். அதற்கு நேரமெடுத்தது.

"நான் இறுக்கினது" என்றான் பெரியவன். "நீ விழுந்ததுல ஒண்ணும் ஆகல."

வெளியே ஒரு லாரி போனது. 

"அந்தச் சத்தம்" என்றான் சின்னவன்.

"விரிசல்தான்."

"அதைக் கேட்டுக்கேட்டுத்தான் நீ இறுக்கினே."

"ஆமா."

"அன்னிக்குக் காலையிலயும்."

"ஆமா."

 பிறகு அவள் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் நினைத்தாள். நெஞ்சு வேலை செய்யாதவன் அழும்போது அப்படித்தான் வரும் போலிருக்கிறது. நாற்காலி நகர்ந்தது. கட்டில் தலைமாட்டிலிருந்து துணியை எடுத்திருப்பான்.

"துடைக்காதே" என்றான் சின்னவன். "கையை எடுண்ணா."

பெரியவன் ஏதோ முணுமுணுத்தான்.

"கையை எடு. அண்ணியைக் கூப்பிடு."

கூப்பிடுவதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். மேசையிலிருந்த சுத்தமான துணி ஒன்றை எடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றிப் போனாள். பெரியவன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றான். இரண்டு துண்டும் போர்வை மேல், சின்னவனின் வயிற்றில் கிடந்தன. அவை அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

அவள் குனிந்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"அந்த நல்ல சத்தம் எந்தப் பக்கம் அண்ணி?"

அவளால் முகத்தைத் திருப்ப முடிந்திருக்கும். திருப்பவில்லை.

"இடது" என்றாள்.

"அப்புறம் தட்டினது?"

"அட்டைப் பெட்டி."

அவன் தலையாட்டினான். யாரோ ஒரு வாடிக்கையாளர் பழுதைப் பார்த்துவிட்டு, சரி, அறுங்கள் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஆட்டினான். அவள் துணியை அவன் கன்னத்தருகே கொண்டுபோனாள்.

அவன் முகத்தை பிளைவுட் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

தெருவில் பழைய இரும்புக்காரர் மணியடித்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தார். யாரும் போகவில்லை. கண்ணீர் மூக்கின் பக்கவாட்டில் இறங்கித் தலையணைக்குப் போனது. கட்டிலின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனும் நின்றார்கள். இருவர் கையிலும் துணி இருந்தது.